நாலு மணி நேரத்தில் இருக்கிற தம்பி

எங்கள் ஊரில் தூரத்தை மைலிலோ கிலோமீட்டரிலோ யாரும் சொல்வதில்லை. பஸ் நேரத்தில்தான் சொல்வார்கள். வலங்கைமான் கால் மணி, கும்பகோணம் முக்கால் மணி, மெட்ராஸ் ஒரு ராத்திரி. இந்தக் கணக்கில் மலேசியா நாலு மணி நேரம். என் தம்பி மதியழகன் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறான். ஆகவே அவன் மெட்ராஸைவிடக் கிட்டத்தில் இருக்கிறான் என்று எங்கள் அம்மா முடிவுகட்டி ரொம்ப நாளாகிவிட்டது. அந்த முடிவுதான் என்னை விமானத்தில் ஏற்றியது.

அப்பா ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். தம்பி வரவில்லை. "லீவு கிடைக்கல" என்று போனில் சொன்னான், அவ்வளவுதான். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அன்றிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"மெட்ராஸ்ல இருக்கற பசங்கல்லாம் ராத்திரி பூரா பஸ்ல நின்னுக்கிட்டு வந்துட்டானுங்க. நாலு மணி நேரத்துல இருக்கறவனுக்கு வர முடியல."

இதோடு நின்றிருந்தால் நான் வருத்தப்பட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நிலம் குறுக்கே வந்தது. எங்களுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். பண்ணையின் உபரி நிலத்தை உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து அரசாங்கம் கொடுத்தது. அதற்கு முன்னால் கொடி நட்டு, அடி வாங்கி, அப்பா சிறைக்கும் போய்வந்தார். அப்போது நான் கைக்குழந்தை. கொடுத்த கட்சி போய் அடுத்த கட்சி வந்தது, பிறகு மறுபடியும் இது, மறுபடியும் அது. பண்ணை போட்ட வழக்கு மட்டும் போகவில்லை. பண்ணைப் பெரியவர் காலம் முடிந்து இப்போது அவர் பேரன் நடத்துகிறார். ஆட்சி மாறும்போதெல்லாம் எங்கள் மூன்று மாவுக்கும் காய்ச்சல் வந்துவிடும்.

அப்பா வக்கீலைவிடக் கலப்பையைத்தான் நம்பினார். நிலம் சாகுபடியில் இருக்கிறவரை எவனும் வரப்பில் கால் வைக்க முடியாது என்பார். அதனால் டிராக்டர் வந்த பிறகும் சித்திரையில் நல்லேர் பூட்டுகிற நாளில் வாடகைக்கு மாடு பிடித்து, கலப்பை கட்டி, சாலையில் போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி நாலு சால் ஓட்டிக் காட்டுவார். வருஷத்தின் முதல் உழவு அதுதான். பிறகு டிராக்டர் ஓட்டினால் என்ன, யார் ஓட்டினால் என்ன.

அவர் செத்த வருஷம் சம்பா நடவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது. இந்தச் சித்திரையும் ஏர் பூட்டாவிட்டால், யாரும் பயிர் செய்யாத நிலம் என்று பண்ணை கோர்ட்டில் சொல்லும். என் வீட்டுக்காரர் தானே ஏர் பூட்டுவதாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா ஒப்பவில்லை.

"மருமவன் பூட்டினா நிலம் பொண்ணு வீட்டுக்குப் போயிடுச்சுன்னு பேசுவாங்க. பெத்த புள்ளை நாலு மணி நேரத்துல இருக்கான். வந்து பூட்டட்டும். வரலன்னா தரிசாவே கெடக்கட்டும்."

நான் கிராம செவிலியர். ஆறு ஊருக்கு ஊசி போடுகிறவள். ஊசி என்றதும் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிகிற ஆண்களைக் காதைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்த கை இது. ஒரு தம்பியை இழுத்துவர முடியாதா என்ற தைரியத்தில் பங்குனியில் கிளம்பினேன்.

நாலு மணி நேரப் பயணத்துக்கு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. பாபநாசம் வருவதற்குள் பஸ் நின்றுவிட்டது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்காமல் நாள் கடத்துகிறார்களாம். விவசாயிகள் மூட்டைகளைச் சாலைக்குக் குறுக்கே அடுக்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். ஆனால் விமானத்துக்குத் தெரியாதே. இறங்கிப் போய் என் விஷயத்தைச் சொன்னேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் மூட்டையிலிருந்து குதித்தார். அவர் மனைவிக்கு இரண்டு பிரசவமும் நான்தான் பார்த்தேன்.

"நர்சம்மா, நீங்களா? எங்க போறீங்க?"

"மலேசியாவுக்கு."

"இந்த பஸ்லயா?"

மறியல் செய்தவரே தன் பைக்கில் என்னை ஏற்றி, வரப்பிலும் வாய்க்கால் கரையிலுமாகச் சுற்றி, அந்தப் பக்கம் நின்ற தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், சக்கரம் வாரியடித்ததில் சேலையெல்லாம் சேறு. திருச்சி விமான நிலையத்தில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த ரஹ்மத் லாத்தா மட்டும் தள்ளிப் போகவில்லை. கூத்தாநல்லூர்க்காரர், அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். அறுபது வயதிருக்கும். வருஷம் ஒருமுறை கணவரைப் பார்க்கப் போகிறவர். தண்ணீருக்குக்கூடக் காசு கேட்கிற விமானம் அது. லாத்தா ஒரு டப்பாவைத் திறந்து தம்ரூட் துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். ரவையும் நெய்யும் மணந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நாலு மணி நேரத்தில் இருந்துகொண்டு அப்பா சாவுக்கு வராதவனைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே சொன்னேன்.

"நாலு மணி நேரந்தாம்மா," என்றார் லாத்தா. "எனக்கு மூணு புள்ளைங்க. மூணும் பொறந்தப்ப எங்க வீட்டுக்காரங்க மலேசியாவுலதான் இருந்தாங்க. ஒண்ணுக்கும் வரல."

"ஏன் வரல?"

"வர முடியலம்மா," என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டை நீட்டினார். நான் அதைத் தின்பதில் கவனமாக இருந்தேன்.

மேலே போனதும் தெரியவில்லை, கீழே வந்ததும் தெரியவில்லை. உண்மையிலேயே நாலு மணி நேரம்தான். அம்மா சொன்னதில் தப்பே இல்லை என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனை, வரிசை பிசகாமல், நம் ஊர் நடவு மாதிரி. ஆனால் அத்தனை நிலத்தில் ஓர் ஆள் கண்ணில் படவில்லை. எங்கள் பக்கம் ஒரு மா நிலத்தில் பத்துப் பெண்கள் குனிந்திருப்பார்கள், வரப்பில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. குடையில்லாமல் கடைகடையாக விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு பழக்கடையில் மலாய்க்காரப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று கடைக்காரத் தமிழரைக் கேட்டேன்.

"இந்த அம்மா நடக்கற வேகத்தப் பாத்தா யாரையோ அடிக்கப் போறாங்கன்னு சொல்றாங்க," என்றார்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்று விடுதியில் துணியைக் காயப்போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். மறுநாள் காலையில்தான் கடையைக் கண்டுபிடித்தேன். மூன்று பக்கமும் திறந்த கடை. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் ஒரே மேசைகளில் உட்கார்ந்து டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலோரம் ரொட்டி சுடுகிற பெரிய கல். அதன் முன்னால் என் தம்பி. மாவு உருண்டையை எண்ணெயில் தட்டி, கையில் எடுத்து வீசினான். அது காற்றில் விரிந்து மெல்லிசாகக் கல்லில் விழுந்தது. அப்பா விதை தெளிக்கும்போது மணிக்கட்டைச் சுழற்றுவார், அதே சுழற்சி. திட்டுவதற்கு வைத்திருந்த முதல் வாக்கியம் எனக்கு மறந்துபோனது.

என்னைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த மாவு கீழே விழுந்தது.

"அக்கா. அம்மாவுக்கு என்னா?"

"அம்மா நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் என்னான்னு கேக்க வந்தேன்."

அவன் முழங்கை வரை பொட்டுப்பொட்டாக எண்ணெய் சுட்ட தழும்பு. வேலைப் பழக்கத்தில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ரத்தசோகை. மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். கல்லாவிலிருந்து முதலாளி யூசுப் பாய் எழுந்து வந்தார். பாபநாசம் பக்கத்துக்காரர்.

"வாங்க தங்கச்சி. உக்காருங்க. மொதல்ல சாப்பிடுங்க, அப்பறம் திட்டலாம்."

தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, இனிப்பான மிளகாய்ச் சாந்து. சோறு தாய்லாந்து அரிசி, குச்சிகுச்சியாக இருந்தது. நெல் விளைகிற ஊர்க்காரிக்கு அடுத்த வீட்டுச் சோற்றைக் குறை சொல்லாமல் இறங்காது. ஆனாலும் இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். கை கழுவிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"பாய், சித்திரையில நல்லேர் பூட்டணும். ஒரு வாரம் இவனை அனுப்புங்க. நாலு மணி நேரந்தானே, வந்துட்டுத் திரும்பிடுவான்."

பாய் தலையைத் தடவிக்கொண்டார். "பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கோம். பாஸ்போர்ட்டும் அதோட போயிருக்கு. அது எப்ப வரும்னு அந்த ஆபீசர்களுக்கே தெரியாது. கையில இல்லாம எப்படி ஏறுவான்? தூதரகத்துல அவசரச் சீட்டு வாங்கி ஊருக்கு அனுப்பிடலாம், ஆனா அப்படிப் போனா மறுபடி உள்ள வர முடியாது. ஒப்பந்தம் முடிஞ்சு முறைப்படி போனாத்தான் அவனுக்கு நல்லது."

"அப்பா செத்தப்ப?"

"அப்ப வந்து ரெண்டு மாசந்தான். பெர்மிட் முத்திரையே விழல. என்னால ஒண்ணும் செய்ய முடியல தங்கச்சி. அன்னிக்குக் கடையை மூடிட்டோம்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் பாய் அவனுக்கு அரைநாள் விடுப்புக் கொடுத்தார். இரட்டைக் கோபுரத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனான். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். எதிரே பூங்காவில் உட்கார்ந்து, இலையில் கட்டிய சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். அங்கேதான் கேட்டேன்.

"பெர்மிட்டு, பாஸ்போர்ட்டுன்னு எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல? லீவு கிடைக்கலன்னு ஒத்த வார்த்தை சொன்னா அம்மா என்னான்னு நினைக்கும்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"நாலு மணி நேரம்னு அம்மாகிட்ட சொன்னது யாருன்னு நெனைக்கற? நாந்தான். கெளம்பற அன்னிக்குக் கையைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. மெட்ராசைவிடக் கிட்டக்கம்மா, நாலு மணி நேரம், கூப்பிட்டா வந்து நிப்பேன்னு சொன்னேன். அதைக் கேட்டப்பறந்தான் கையை விட்டுச்சு. அப்படிச் சொல்லிட்டு எப்படிக்கா வர முடியாதுன்னு சொல்றது?"

நான் என் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தேன்.

"சித்தப்பா மவன் போனைப் பறைக்குப் பக்கத்துல புடிச்சான். அப்பாவை எடுத்ததுலேருந்து பறை அடங்கற வரைக்கும் இந்தக் காதுலதான் கேட்டேன்," என்று இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூங்காவில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அழுதேன். அவனைக் காதைப் பிடித்து இழுத்துவரக் கிளம்பி வந்தவள், அந்தக் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எப்போது வருவாய் என்று கேட்டேன். ஒப்பந்தம் முடிய இந்த சம்பாவும் போய் அடுத்த சம்பாவும் அறுக்க வேண்டும் என்றான். அங்கே சம்பாவும் இல்லை, குறுவையும் இல்லை. வருஷம் முழுக்க ஒரே மழை, ஒரே வெயில். ஆனாலும் அவன் அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறான்.

திரும்பும் நாள் காலை, வேலைக்குப் போகும் முன்னால் பஸ் ஏற்றிவிட வந்தான். நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும், மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது என்று ஐந்தாவது தடவையாகச் சொன்னேன். அவன் என் டிக்கெட்டைப் பார்த்துச் சிரித்தான். அந்த ஊர் நேரப்படி ஒன்பது மணிக்குப் புறப்பாடு, நம் ஊர் நேரப்படி பத்தரைக்குத் திருச்சி.

"இதை அம்மாகிட்ட காட்டிடாதே. ஒன்றரை மணி நேரத்துல வந்துடலாம்னு அதுக்கும் சேத்துத் திட்டும்."

திருச்சியிலிருந்து ஊருக்கு வருவதற்கு விமானத்தைவிட நேரமானது. வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பெர்மிட் என்பதை எப்படித் தமிழில் சொல்வது, முத்திரை விழவில்லை என்றால் அம்மாவுக்கு என்ன புரியும். ஆட்டோ நின்றதும் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கூலிக்குப் பறித்த உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள் போல. எனக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்து முறத்தை எடுத்தாள்.

"வரமாட்டேன்னுட்டானா?"

"வர முடியாதும்மா. அவன் வெளிய போறதுக்கு அந்த ஊர் சர்க்காரு சீட்டுக் கொடுக்கணும். மொதலாளி நல்லவருதான், ஆனா அவராலயும் முடியாது. ஒப்பந்தம் முடியற வரைக்கும், இன்னும் ரெண்டு சம்பா அறுக்கற வரைக்கும் அவன் அங்கதான் இருந்தாகணும்."

புடைப்பது நின்றது.

"அப்பா செத்தப்பவும் அதானா?"

"ஆமா."

"அடிக்கறாங்களா?"

"இல்லம்மா. சோறெல்லாம் நல்லாத்தான் போடறாங்க. ரத்தந்தான் கொஞ்சம் கம்மி, மாத்திரை குடுத்துட்டு வந்திருக்கேன். போவத்தான் முடியாது."

அம்மா உளுந்தை முறத்தின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிறகு நான் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

"எங்கப்பா நன்னிலத்துல செத்தாரு. இங்கேருந்து அரைநாள் நடை. சேதி வந்தப்ப நானும் உங்கப்பாவும் பண்ணை வயல்ல நிக்கறோம். நடவு முடிச்சுட்டுப் போன்னுட்டாங்க. அஞ்சாம் நாள் போனேன். சாம்பல்கூட இல்ல. எங்கம்மா சாவற வரைக்கும் அதைச் சொல்லித்தான் என்னைப் பேசுச்சு. அரைநாள் நடைதானே, வந்தியாடின்னு."

முறத்தை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"போனைப் போடு."

போட்டுக் கொடுத்தேன். தம்பி எடுத்ததும் இந்தப் பக்கம் பேச்சே இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. கடைசியில் அம்மா, "அக்கா குடுத்த மாத்திரையைத் தின்னியா?" என்று கேட்டாள். ஐப்பசிக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் வார்த்தை அது.

சித்திரையில் நாள் பார்த்தோம். வாடகைக்கு மாடு வந்தது. தேங்காய் உடைத்து, விதைநெல்லும் பூவும் வைத்துக் கும்பிட்டோம். சாலையில் பண்ணையின் நிலபுலனைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு வயலில் இறங்கினாள். மேழியைப் பிடித்தாள். கலப்பையின் அந்தக் கைப்பிடியை எங்கள் ஊரில் பெண்கள் தொடுவதில்லை.

மாட்டுக்காரர் தயங்கினார். "பொம்பளைங்க மேழி புடிக்கறது வழக்கமில்லீங்களே."

"நாப்பது வருஷமா இந்தச் சேத்துல நாத்து நட்டுருக்கேன். காலு ஆவும், கை ஆவாதா? மாட்டை ஓட்டு."

அவர் மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். முதல் சால் கோணல்மாணலாகப் போனது. திரும்பி வரும்போது கொஞ்சம் நேரானது. மூன்றாவது சாலில் அம்மா யார் உதவியும் கேட்கவில்லை. அப்பா ஓட்டுகிற மாதிரியே நாலு சால் முடித்து, சாலைப் பக்கம் வந்து நின்று மூச்சு வாங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காரியக்காரருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"என்னா, மவன் வரலியா? நாலு மணி நேரத்துலதானே இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்த?"

அம்மா மேழியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அது தெரியாம சொன்னது. ரெண்டு அறுவடை தூரத்துல இருக்கான். வந்துக்கிட்டிருக்கான்."